அயிரையை இன்னும் ஆய வேண்டுமாம்

செல்லூர், மதுரை-2
6-1-1999

அன்பு குறையாத ஸ்வர்ணா அக்காவுக்கு,

உன் சித்தி மகள் ஹம்சவேணி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நான்கு தறிகள் எல்லாம் நலம். அங்கே உன் நலத்தையும், போன தையில் மஞ்சள் காமாலை கண்ட உன் ஈரலின் நலத்தையும் தனித்தனியாக எழுதவும். பெரியவர்களுக்கு எழுதும்போது ‘நீங்கள்’ போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தாளில் ‘நீங்கள்’ போட்டு எழுதிப் பார்த்தேன். மின்சார வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதுவது போல் இருந்தது, கிழித்துவிட்டேன். அம்மா பேசியதையெல்லாம் நம் வீட்டுப் பாஷையிலிருந்து தமிழாக்கி எழுதுகிறேன். திட்டுகளில் உப்புக் குறைந்திருந்தால் அது என் குற்றம். அம்மா முழு உப்புப் போட்டுத்தான் திட்டினாள்.

வருகிற ஜனவரி 26 அன்று மருதேந்தலில் கிராம சபை கூடுகிறது. சின்னக் கண்மாயை மீன் குத்தகைக்கு விடலாமா கூடாதா என்று அன்றைக்கு முடிவு செய்கிறார்கள். நீ அதற்கு வர வேண்டும் அக்கா. வந்து, ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். இதுதான் கடிதம். மற்றதெல்லாம் இதை எழுதியதற்கு நான் தேடிக்கொள்ளும் சாக்கு.

நீ இப்போது அஸ்ஸாமில் ஆமை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று பெரியம்மா சொன்னார்கள். ஆமைகளுக்கு நடுவில் அயிரை மறந்திருக்கும். ஆகவே தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதே. அழகர்கோவில் சாலையில் இறங்கி வாய்க்கால் ஓரமாக இரண்டு மைல் நடந்தால் மருதேந்தல். அங்கே பெரிய கண்மாய் ஒன்று, சின்னக் கண்மாய் ஒன்று. நடுவில் ஒரு கரை, கரையில் பதினான்கு பனைமரம். பெரிய கண்மாயை மூன்று வருஷத்துக்கு முன்பு குத்தகைக்கு எடுத்த முத்துக்கருப்பன் அதில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கிறார். ஊரில் அதற்கு முழுப்பெயர் கிடையாது, வெறும் ஆப்பிரிக்காதான். ‘நேத்து ஆப்பிரிக்கா ஒரு வாத்துக்குஞ்சை முழுங்கிருச்சு’ என்று பேசிக்கொள்வார்கள். விரல் நீள உடம்பில் மீசை வைத்துக்கொண்டு சேற்றில் புதைந்து கிடக்கும் நம்மூர் அயிரையை இந்த ஆப்பிரிக்கா தின்று தீர்க்கிறதா என்று பார்க்கத்தான் நீ முந்தின வருஷம் ஐப்பசி மழையோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். ஆப்பிரிக்கா இருக்கிற கண்மாயில் பத்து இடம், இல்லாத கண்மாயில் பத்து இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு வலை வீசி, அயிரையை எண்ணி, திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும். மூன்று மாதம்.

முதல் நாள் நீ இந்த வேலையைச் சொன்னபோது அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். மீன் வாசனையே ஆகாத நம் வீட்டில் மீனுக்கு ஒரு டாக்டர் முளைத்திருக்கிறாளே என்று அவளுக்கு ஏற்கனவே ஆற்றாமை. “மீனை எண்ணுறதுக்கு ஒரு படிப்பா? பூக்காரி தினம் எத்தனை முழம் எண்ணுறா, அவளுக்கு யார் பட்டம் குடுத்தா?” என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, “சித்தி, பூக்காரிக்கு நல்ல கையெழுத்து இருந்தா அவளையே கூட்டிட்டுப் போவேன். இல்லாததுனாலதான் வேணியைக் கேக்குறேன்” என்றாய். அதுவரை என் கையெழுத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. துண்டு, சேலை எண்ணிக்கையைச் சீட்டில் எழுதுவேன், அதை மூட்டையில் குத்தி அனுப்பிவிடுவார்கள்.

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறும்போது நீ முன்னால், நான் பின்னால். கண்மாயில் நீயும் உக்கிரபாண்டி அண்ணனும் இடுப்பளவு நீரில். அவர் வலை வீசுவார், நீ எண்ணுவாய், நான் கரையில் நோட்டுடன் குத்தவைத்திருப்பேன். “வேணி, ஆறாம் எடம், அயிரை அறுபத்தி மூணு!” என்று நீ கத்துவாய். நான் எழுதிக்கொண்டு கையைத் தூக்குவேன். கை தூக்கினால் எழுதியாயிற்று என்று அர்த்தம். என் குரல் தண்ணீரைத் தாண்டி உன்னிடம் வராது என்பதால் நீயே செய்த ஏற்பாடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சேறு பட்ட நோட்டிலிருந்து நல்ல நோட்டுக்குப் பிரதி எடுப்பேன். தறிச் சத்தத்தில் வீடே அதிரும், என் கோடு மட்டும் அசையாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சேற்றுப்புண்ணுக்குக் கால்விரல் இடுக்கில் மஞ்சள் வைத்துக்கொண்டே, “ஏழு போடும்போது நடுவுல ஒரு கோடு போடு, ஒண்ணுன்னு நெனைச்சுருவாங்க” என்பாய். இப்போதும் நான் ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறேன். சேலை வியாபாரி ஒருவர் அதை எஃப் என்று படித்து, எஃப் சேலை என்றால் என்ன ரகம் என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தார்.

நீ ஒருநாள் பனைமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, “ஏன் வேணி ஸ்கூலை விட்ட?” என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், எழுதுவது எனக்குச் சுலபம். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். எனக்குக் கேட்கும், பக்கத்தில் இருக்கிற சபிஹாவுக்குப் பாதி கேட்கும், வாத்தியாருக்குக் கேட்காது. எட்டாம் வகுப்பில் தினமும் போனேன், தொண்ணூற்றாறு நாள் நான் வரவில்லை என்று பதிவேட்டில் இருந்தது. வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அப்பா போய்க் கேட்டதற்கு, “புள்ள தெனமும் வந்துச்சுன்னு யார் சொன்னா?” என்றார்கள். “அவதான் சொன்னா” என்றார் அப்பா. “எங்ககிட்ட சொல்லலையே” என்றார்கள். அதோடு முடிந்தது.

அன்றைக்கு அந்தப் பனைமரத்தடியில்தான் உக்கிரபாண்டி அண்ணனும் நீயும் முதல் தடவை முட்டிக்கொண்டீர்கள். அவருக்கு அயிரைதான் சோறு. உயிரோடு பிடித்து, தூக்குச்சட்டியில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்து தெருத்தெருவாக விற்பவர். பெரிய கண்மாயில் ஆப்பிரிக்கா இறங்கிய பிறகு அவருக்கு மிச்சமிருப்பது சின்னக் கண்மாய் ஒன்றுதான். அவர் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“ஏன் தாயி, அம்புட்டும் எண்ணுறீங்க. கடைசில தலைவர்கிட்ட, இந்தக் கம்மாயையாவது விட்டுவைங்கய்யான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவீகளா?”

“சொல்லக் கூடாதுண்ணே” என்றாய் நீ.

“யாரு சொல்லக் கூடாதுன்னா?”

“நான்தான். நான் உங்க பக்கம் சேந்துட்டா, நாளைக்கு என் எண்ணிக்கையை முத்துக்கருப்பன் அண்ணன் நம்புவாரா? எண்ணுறவ ஒரு பக்கம் சேந்துட்டான்னு தெரிஞ்சா எண்ணே கெட்டுப்போகும். நான் தராசு மாதிரிண்ணே.”

“தராசு பேசாது, சரி. தராசைப் பிடிச்சிருக்க ஆளு பேசலாமில்ல?”

 இட்லியைப் பிட்டு என் டப்பாவில் வைத்தாய். பஸ்ஸில் வரும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: “ரத்தம் சோதிக்கிற கடைக்காரர் நம்பரைத்தான் எழுதித் தருவார் வேணி, மருந்து எழுத மாட்டார். நான் அந்தக் கடைக்காரர்.” “அப்போ டாக்டர் யாரு?” என்று கேட்டேன். “ஊர்” என்றாய். ஊருக்கு யார் டாக்டர் படிப்புச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கோரிப்பாளையம் வந்துவிட்டது.

ரத்தம் என்று சொன்ன வாயின் முகூர்த்தம், மூன்றாம் மாதம் நீ மஞ்சளாகிப்போனாய். கீழாநெல்லியும் மோரும், பத்தியமும். உன் கண்ணைப் பார்த்து அம்மா அழுதாள், பிறகு மீனைத் திட்டினாள், பிறகு உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடைத் திட்டினாள், பிறகு பெண் பிள்ளையை நீரில் நிற்க வைத்த மத்திய அரசாங்கத்தைத் திட்டினாள். இதற்கிடையில் உக்கிரபாண்டி அண்ணன் உன்னைப் பார்க்க வந்தவர், நோயாளிக்கு வெறும் கையோடு வரக் கூடாதென்று ஒரு தூக்குச்சட்டி நிறைய உயிர் அயிரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. மூடி போட்ட சட்டி, உள்ளே நீர், வைத்தியர் கொடுத்தனுப்பிய கஷாயம் என்று நினைத்து டம்ளரில் ஊற்றினாள். டம்ளரிலிருந்து ஒன்று மீசையை ஆட்டியது. அம்மா போட்ட சத்தத்தில் நான்கு தறியும் நின்றன. நீ படுத்தபடியே, “சித்தி, கொட்டிராதீங்க, எண்ணிட்டுக் கொட்டுங்க” என்றாய். இன்றைக்கும் அம்மா டம்ளரை வெளிச்சத்தில் பார்க்காமல் குடிப்பதில்லை.

நீ எழுந்திருக்க முடியாத அந்த மாதம், “வேணி, நீயும் அண்ணனும் போயிட்டு வாங்க. நீ எழுதுனா நான் எழுதுன மாதிரி” என்று என்னை அனுப்பினாய். பன்னிரண்டு நாள் நான் போனேன். தனியாகப் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் சீட்டுக் கேட்டேன், மூன்றாவது தடவை அவருக்குக் கேட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே நீரில் இறங்கி எண்ணினேன். யாரும் கத்தவில்லை. நானே எண்ணி, நானே கரையேறி, நானே எழுதினேன். அந்த வேலையில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எண்ணைச் சொல்ல உன் குரல் இல்லாத கண்மாய் எனக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

தை முடிந்து நீ போனாய். பஸ் திரும்புகிற வரை கை ஆட்டினாய், நான் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினேன், உனக்கு அதன் அர்த்தம் தெரியும். உன் செருப்பு ஒரு ஜோடி இங்கேயே கிடக்கிறது. அம்மா அதைப் பழையதுக்குப் போடப் பார்த்தாள், சேற்றுச் செருப்பு வாஸ்துவுக்கு நல்லது என்று ஒரு பொய் சொல்லிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். யாரும் எனக்கு எண் சொல்வதில்லை என்பதால் நானே எதையாவது எண்ணுகிறேன். நம் வீட்டிலிருந்து கோரிப்பாளையம் வரை இரண்டாயிரத்து நூற்றுப் பதினோரு அடி. மழை நாளில் கொஞ்சம் கூடும். அங்கே உனக்கு எழுதித் தருவது யார் அக்கா? ஆணா பெண்ணா? கையெழுத்து நன்றாக இருக்கிறதா? ஏழுக்குக் கோடு போடுகிறார்களா?

உன் அறிக்கை ஆகஸ்டில் தபாலில் வந்தது. ஊராட்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நன்றி சொல்கிற பக்கத்தில் என் பெயரை ‘செல்வி ஹம்சவேணி’ என்று அச்சில் பார்த்ததும் அப்பா அதைத் தறிக்காரர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டு வந்தார். உள்ளே இருந்ததை நான் தமிழ்ச் சுருக்கத்தில் படித்தேன். முதல் இரண்டு மாதம் சின்னக் கண்மாயில் அயிரை நிறைய, பெரிய கண்மாயில் கொஞ்சம். மூன்றாம் மாதம் அப்படியே தலைகீழ். ஆகையால் உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை, ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்திருந்தாய். அந்த மூன்று சொல்லும் எங்கள் வீட்டில் வேலைக்கு அமர்ந்துவிட்டன. சாம்பாரில் உப்புச் சரியா என்று கேட்டால் அப்பா, “மேலும் ஆய்வு தேவை” என்பார். என்னைப் பெண் கேட்டு வந்த திருநகர்க்காரர்கள் போன பிறகு பையன் எப்படி என்று அம்மா கேட்டதற்கும் அதைத்தான் சொன்னார். இதற்கு மட்டும் நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு உக்கிரபாண்டி அண்ணன் என்னையும் கூட்டிப் போனார். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு ஊராட்சித் தலைவர் நல்லகாமன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் சுருக்கத்தை மைக்கில் வாசித்தார். ‘மேலும் ஆய்வு தேவை’ என்றதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு.

“அயிரைய எதுக்கு இன்னும் ஆயணும்? கல்லுப்பைப் போட்டு மண்சட்டில நாலு உரசு உரசுனாப் போதாதா?” என்று ஒரு அக்கா எழுந்து கேட்டார்.

“கெண்டைன்னா செதிலு ஆயலாம். அயிரையில ஆய என்ன இருக்கு? பாலுல விட்டா அதுவா மண்ணைக் கக்கிரும்” என்றார் இன்னொருவர்.

“படிச்ச புள்ளைக்கு மீன் ஆயத் தெரியலையேப்பா, கட்டிக்கிறவன் பாவம்.”

தலைவர், “அந்த ஆயுறது இல்ல ஆத்தா, இது ஆராய்ச்சி” என்று மைக்கைத் தட்டித் தட்டிச் சொன்னார். அதற்குள் பேச்சு அயிரைக் குழம்புக்கு மாங்காய் போடுவதா வேண்டாமா என்கிற இடத்துக்குப் போய், இரண்டு தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முக்கால் மணி நேரம். கடைசியில் முத்துக்கருப்பன் எழுந்தார். நல்ல மனிதர்தான் அக்கா, எனக்கு மிட்டாய் இரண்டு கொடுத்தார். “மூணு மாசம் தண்ணிக்குள்ள நின்ன புள்ளைக்கே வெளங்கலைன்னா, கரையில நிக்கிற நமக்கு என்னய்யா வெளங்கப் போகுது? அது ஆராய்ச்சி முடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் கம்மாய் சும்மா கெடக்கணுமா? கொடுங்க குத்தகைக்கு” என்றார். கைதட்டினார்கள். நீ எந்தப் பக்கமும் சேராமல் எழுதிய சொல்லை அவர் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார் அக்கா. நீ பேசாமல் விட்ட இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து பேசுகிறார். இது தராசுக்குத் தெரியுமா?

அக்டோபர் இரண்டாம் தேதி, முடிவெடுக்க மறுபடியும் கூட்டம். அன்றைக்கு உக்கிரபாண்டி அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“தலைவரே, வலை போட்டது நானு. சின்னக் கம்மாயில எல்லா மாசமும் அள்ள அள்ள வந்துச்சு. பெரிய கம்மாயில நாலு, அஞ்சு. மூணாம் மாசம் மட்டும் அம்புட்டு அயிரையும் இங்கிட்டுருந்து அங்கிட்டுப் போக, மீனு என்ன பஸ் ஏறியா போச்சு? பேப்பர்ல என்னமோ கோளாறு இருக்கு.”

முத்துக்கருப்பன் சிரித்தார். “அயிரை வித்துப் பிழைக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். ஏன் மாப்ள, இப்பப் பேசுறது உன் வாயா, வயிறா?”

“என் வயிறுதான் மாப்ள. நம்பலைன்னா உன் ஆப்பிரிக்கா வயித்தைக் கிழிச்சுப் பாரு, அதுவும் பேசும்.”

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் யாரும் நம்பவில்லை. அவருக்கு அதில் பிழைப்பு இருக்கிறதாம், அதனால் அவர் சொல் செல்லாதாம். பிழைப்பு இல்லாத நீ பேச மாட்டேன் என்கிறாய். பிழைப்பு உள்ளவர் பேசினால் கேட்க மாட்டேன் என்கிறார்கள். பிறகு யார்தான் அக்கா பேசுவது? அண்ணன் சுற்றிப் பார்த்தார், பெண்கள் வரிசைக் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். “ஏம்மா வேணி, எழுதுனது நீதானே? நீ சொல்லு தாயி” என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மூன்று தடவை மூச்சை இழுத்துவிட்டு எழுந்தேன். நான் எழுந்த அதே நேரத்தில் தலைவர் மைக்கில், “நேரமாச்சு, குத்தகைக்கு விட சம்மதிக்கிறவக எல்லாம் எந்திரிங்க” என்று சொல்லியிருக்கிறார். என் காதுக்குள் தறி ஓடியது, எனக்கு அது கேட்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் எழுவதைப் பார்த்து, எனக்குத் துணையாகத்தான் எழுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான், ஆனால் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? எழுத்தர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்து, என் தலைக்கு நேராக “முப்பத்தேழு” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறந்ததிலிருந்து பொதுச்சபையில் நான் தெரிவித்த ஒரே கருத்து அயிரைக்கு எதிராகப் பதிவாகியிருக்கிறது.

நல்லவேளை, கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை போதாது, தீர்மானம் செல்லாது என்று வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதனால்தான் இந்த 26. அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் உக்கிரபாண்டி அண்ணன் என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். பஸ் வந்ததும், “பரவாயில்ல தாயி, பயந்துட்ட. பத்திரமாப் போ” என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, வேறு தொழில் தெரியாது. ஏழுமலை என்கிற ஊரில் மச்சான் வீட்டுக்குக் கூலி வேலைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய வீட்டு அக்கா, “அங்க கம்மாய் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்களாம்.

அறிக்கையோடு வைத்த கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், அடுத்த பருவத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை, ஆகவே மேலும் ஆய்வு இப்போதைக்கு இல்லை என்று. அப்படியானால் தேவை என்று எழுதியதற்கு என்ன பொருள் அக்கா? பால் பொங்குகிறது என்று எழுதி வைத்துவிட்டு, எத்தனை மணிக்குப் பொங்கியது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, அடுப்பை அணைப்பது என் வேலை இல்லை என்று போகலாமா? நீ பக்கம் சேர வேண்டாம். மேடை ஏற வேண்டாம். நீரில் நின்று எண்ணைக் கத்துவாயே, அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை, ‘வேண்டாம்’. உன் குரல் பெரிய கண்மாயின் அந்தக் கரை வரைக்கும் கேட்கும். எனக்குத் தெரியும், நான் அந்தக் கரையில் நின்று கேட்டிருக்கிறேன்.

ரயிலில் நான்கு நாள் ஆகும் என்று அப்பா சொன்னார். கடிதம் கிடைத்த மறுநாளே கிளம்பினால் 25-ஆம் தேதி வந்துவிடலாம். நான் பெரியார் பஸ் நிலையத்துக்கோ ரயிலடிக்கோ, எங்கே சொல்கிறாயோ அங்கே வந்து நிற்பேன். அம்மா உனக்காக வடகம் போட்டு வைத்திருக்கிறாள். காமாலை வந்த உடம்புக்கு எண்ணெய் ஆகாதே என்றேன், எண்ணெய் இல்லாமல் பொரிப்பேன் என்கிறாள். எப்படி என்று கேட்கவில்லை.

அழகர் உனக்குத் துணையிருக்கட்டும். மீனாட்சி உன் ஈரலைக் காக்கட்டும். அஸ்ஸாம் ஆமைகளுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். உன் கைடுக்கு என் வணக்கம், அம்மா மட்டும் வணக்கம் சொல்ல மறுத்துவிட்டாள். வயதில் சிறியவளானதால் ஆசி சொல்ல எனக்கு உரிமை கிடையாது, ஆகவே ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்,
ஹம்சவேணி

பி.கு.: அப்பா தபால்தலை வாங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். மூன்றாம் மாதம் தலைகீழாக வந்ததற்கு அயிரை காரணம் இல்லை, நான். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் எண்ணியதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. ஆனால் வீட்டில் நல்ல நோட்டில் பிரதி எடுக்கும்போது, சின்னக் கண்மாய்ப் பக்கங்களுக்கு மேலே பெரிய கண்மாய் என்றும், பெரிய கண்மாய்ப் பக்கங்களுக்கு மேலே சின்னக் கண்மாய் என்றும் எழுதினேன். எண்ணில் கை வைப்பது பாவம் என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் எண்ணைத் தொடவில்லை. தலைப்பைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை.

கீழாநெல்லியைக் குடித்துவிட்டு நீ ஒரு மத்தியானம் சொன்னாய், “இந்த மாசமும் இதே மாதிரி வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது வேணி, கெளம்பிருவேன். கொழப்பமா வந்தாத்தான் அடுத்த மழைக்கும் வரணும்” என்று. நீ தூங்கிவிட்டாய். நான் அடுத்த மழையை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது, இரண்டு கண்மாயும் நிறைந்தன, நீ வரவில்லை.

உன் கைடு, தலைப்பு ஏதும் மாறியிருக்குமோ என்று கேட்டதாகவும், “எழுதினது வேணி சார், மாறாது” என்று நீ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று மட்டும் நான் எண்ணவில்லை.

பக்கம் சேர்ந்தால் எண் கெட்டுப்போகும் என்றாய். சரிதான் அக்கா. நான் சேர்ந்தது உன் பக்கம். உன்னைப் பேச முடியாமல் செய்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று மேலே இத்தனை பக்கம் கேட்டிருக்கிறேன், அதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். எண் சரியான பிறகும் பேசுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், நான் இனி கேட்க மாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் 26-ஆம் தேதி நான் மருதேந்தலுக்குப் போய், தலைப்பை மாற்றியவள் நான் என்று சொல்லப் போகிறேன். உக்கிரபாண்டி அண்ணனிடம் அதற்கு முந்தின நாளே சொல்லிவிடுவேன், கூட்டத்தில் வைத்து அவர் முதல் முறையாகக் கேட்கக் கூடாது.

கரையில் உட்கார்ந்து எழுதிய நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் தலைப்புகள் சரியாக இருக்கின்றன. முன்பாதி நீ சொல்லி நான் எழுதியது, பின்பாதி நானே. தண்ணீர் பட்டுப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு உரித்துவிடாதே, ஆவி காட்டி மெதுவாகப் பிரி.